புதுப்பிப்பு: நாகர்கோவில் ஹஸ்கிக்கு மொட்டை அடிக்கல

மார்ச்சில் கேட்டிருந்தேன்: சித்தப்பா மகன் துபாய் போகும்போது விட்டுட்டுப் போன சைபீரியன் ஹஸ்கி நாய், 3 வயசு, நாக்கு தொங்க இரைக்குது, முடியை வழிச்சிரலாமா என்று. பாதிப் பேர் "வழிச்சிருங்க" என்றீர்கள். நல்லவேளை, கேட்கல.

மருத்துவர் சொன்னது: இதுக்கு ரெண்டு அடுக்கு முடி. வெளிமுடிதான் வெயில் தோலில் படாம காக்குது. ஒட்ட வழிச்சா தோல் பொசுங்கும். முடி பழையபடி வளரும்னும் உறுதியில்லை. பஞ்சு மாதிரி இருக்கிற உள்முடியைத்தான் சீவி எடுக்கணும். தினமும் சீவுறேன். கொட்டுற பருவத்துல எங்க வீட்டுப் புட்டுல கூட முடி!

வெயிலைவிடப் புழுக்கம்தான் மோசம். நாய் இரைச்சுதான் சூட்டை வெளியேத்தும். ஈரக்காத்துல அது எடுபடாது. அதனால நடை காலை 5 மணிக்கே. பகல் முழுக்க மொசைக் தரையும் மின்விசிறியும்.

தீனி குறைவுதான். கொஞ்சம் தின்னுட்டு பனியில நெடுந்தூரம் வண்டி இழுக்க சைபீரியாவோட சுக்சி பழங்குடி மக்கள் வளர்த்த இனமாச்சே.

ஒரு வில்லங்கம். மதிலடியில் பள்ளம் தோண்டி வெளியே போய், பக்கத்து வீட்டு அக்காவோட ரெண்டு கோழியை முடிச்சிட்டு வந்துது. காசு கொடுத்தாச்சு, பேச்சுதான் இன்னும் சரியாகல. போதாக்குறைக்கு இது குரைக்கிறதைவிட ஊளையிடுறதுதான் அதிகம். "ராத்திரி ஊளை ஆகாது மக்களே"ன்னு பாட்டி வேற.

குட்டி எங்க கிடைக்கும்னு கேட்டவங்களுக்கு: நம்ம ஊருக்கு இதை விலை கொடுத்து வாங்காதீங்க. நான் மதிலடியில கருங்கல் இறக்கியிருக்கேன். இந்த வாரம் இன்னும் தோண்டல.