ஆறாம் வகுப்பு மேக்னெட் இடங்கள்: தேர்வு நியாயமாக நடக்கிறதா?

அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து நான்காம் அல்லது ஐந்தாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் பெற்றோர், முதல் ஆண்டு முடிவதற்குள் ஒரு கேள்வியோடு வருகிறார்கள். எதிர்வீட்டுப் பிள்ளைக்கு ஆறாம் வகுப்பு மேக்னெட் பள்ளியில் (சிறப்புத் திறன் மாணவர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் அரசுப் பள்ளி) இடம் கிடைத்திருக்க, அதைவிடக் கூடுதல் மதிப்பெண் எடுத்த தம் பிள்ளைக்குக் கிடைக்காமல் போனது ஏன், இதில் பாகுபாடு ஏதும் இருக்கிறதா என்பதே அந்தக் கேள்வி. வாட்ஸ்அப் குழுக்களில் இதற்குக் கிடைக்கும் பதில்களில் பெரும்பகுதி, எப்போதோ கைவிடப்பட்ட விதிகளையோ வேறொரு கவுண்டியின் நடைமுறையையோ பற்றியதாக இருப்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சிறப்புத் திறன் வகுப்புகளுக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுப்பதற்கு நாடு முழுமைக்குமான விதி எதுவும் இல்லை. 1988-இல் வந்த ஜேவிட்ஸ் சட்டம் இத்துறையில் ஆய்வுகளுக்கும் முயற்சிகளுக்கும் நிதி தருகிறதே தவிர, எந்தப் பள்ளியும் இத்தகைய வகுப்பை நடத்தியாக வேண்டும் என்று கட்டளையிடுவதில்லை. யாரை, எந்த வகுப்பில், எதைக் கொண்டு தேர்ந்தெடுப்பது என்பதை மாநிலங்களும் பள்ளி மாவட்டங்களுமே முடிவு செய்கின்றன. ஆகவே டெக்சாஸில் இருக்கும் நண்பரின் அனுபவம் மேரிலாந்தில் உங்களுக்கு உதவாது. நியாயம் குறித்த வாதங்கள் நீதிமன்றம் வரை சென்ற இடங்கள் என்பதால், வாஷிங்டனை ஒட்டிய மான்ட்கோமெரி (மேரிலாந்து), ஃபேர்ஃபாக்ஸ் (வர்ஜீனியா) ஆகிய இரு கவுண்டிகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

மான்ட்கோமெரி கவுண்டியில் கணிதம், அறிவியல், கணினி ஆகியவற்றுக்கு டக்கோமா பார்க் நடுநிலைப் பள்ளியும், மொழி, வரலாறு, ஊடகம் ஆகியவற்றுக்கு ஈஸ்டர்ன் நடுநிலைப் பள்ளியும் நெடுங்காலமாகப் பெயர்பெற்றவை. முன்பு பெற்றோர் விண்ணப்பித்தால்தான் பிள்ளை தேர்வு எழுத முடியும்; எனவே விண்ணப்பம் என்று ஒன்று இருப்பதையே அறியாத குடும்பங்களின் பிள்ளைகள் போட்டி தொடங்கும் முன்பே வெளியே நின்றார்கள். 2018-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த முறை மாற்றப்பட்டு, அரசுப் பள்ளிகளின் ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் அனைவரின் பதிவுகளையும் மாவட்டமே பரிசீலிக்கத் தொடங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் தனித் தேர்வு கைவிடப்பட்டு, பள்ளிகளில் வழக்கமாக நடக்கும் மேப் என்ற கணினித் தேர்வின் மதிப்பெண்ணும் வகுப்பு மதிப்பெண்களும் அளவுகோலாயின. குறித்த எல்லையைத் தாண்டியவர்கள் ஒரு தொகுப்பில் சேர்க்கப்பட்டு, அதிலிருந்து குலுக்கல் முறையில் இடம் ஒதுக்கப்பட்டது. எதிர்வீட்டுப் பிள்ளைக்கும் உங்கள் பிள்ளைக்கும் இடையே இருந்த வேறுபாடு, பெரும்பாலும் இந்தக் குலுக்கல்தான்.

எல்லை வகுக்கப்பட்ட விதத்தைத்தான் நம்மவர்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நாடு தழுவிய பெர்சன்டைலை (நூறு பேரில் எத்தனை பேரைவிடப் பிள்ளை முன்னால் நிற்கிறது என்ற கணக்கை) அப்படியே பயன்படுத்தாமல், ஏழ்மையின் அளவில் ஒத்திருக்கும் பள்ளிகளை ஒரு குழுவாக்கி, அந்தக் குழுவுக்குள் 85-ஆவது பெர்சன்டைலுக்கு மேல் வரும் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். வசதியான குடும்பங்கள் மிகுந்த பள்ளியில் இந்த எல்லை உயரமாகவும், ஏழைக் குடும்பங்கள் மிகுந்த பள்ளியில் தாழ்வாகவும் இருக்கும். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வழங்கும் 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தின் காரணத்தை ஏற்றுக்கொண்டவர்களுக்கு இதன் காரணம் விளங்காமல் போகாது. ஒரே வகையான வாய்ப்புகளோடு படித்தவர்களை ஒருவரோடொருவர் ஒப்பிட வேண்டும் என்பதே இரண்டுக்கும் அடிப்படை. அங்கே அதை வரவேற்றுவிட்டு, இங்கே நல்ல பள்ளியை நாடி வீடு வாங்கிய பிறகு அநீதி என்று கொதிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

குலுக்கலைக் கேட்டதும் திறமைக்கு மதிப்பில்லையா என்று மனம் சினப்பதும் இயல்பே. ஆனால் எந்தத் தேர்வு மதிப்பெண்ணிலும் அளவீட்டுப் பிழை உண்டு. அதே பிள்ளை அடுத்த வாரம் எழுதினால் சில புள்ளிகள் ஏறலாம், இறங்கலாம். நூறை ஒட்டிய இடங்களுக்குப் பல நூறு தகுதியான பிள்ளைகள் இருக்கும்போது, ஒரு புள்ளி வேறுபாட்டில் ஒருவரை உள்ளே விட்டு மற்றவரை நிறுத்துவதும் ஒரு வகைக் குலுக்கல்தான். அது குலுக்கல் என்று ஒப்புக்கொள்ளப்படுவதில்லை, அவ்வளவே. போதிய உயரத்தில் எல்லையை வைத்து அதற்கு மேல் குலுக்குவது இதைவிட நேர்மையானது என்பது என் எண்ணம். அதே மூச்சில் இம்முறையின் குறையையும் சொல்ல வேண்டும். பள்ளியின் சராசரி நிலையை வைத்துப் பிள்ளையின் நிலையைக் கணிப்பதால், செல்வந்தர் பகுதியில் சிறு அடுக்குமாடி வீட்டில் நெருக்கி வாழும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை உயர்ந்த எல்லையைத் தாண்ட வேண்டியிருக்கிறது. ஒருவர் ஊதியத்தை மட்டும் நம்பி, நல்ல பள்ளியை நாடி வரும் புதுக் குடும்பங்கள் பல இந்த வகையில்தான் சேரும். இக்குறையைப் பள்ளி வாரியக் கூட்டத்தில் எடுத்துச் சொல்வதில் தவறே இல்லை. அங்கே பொதுமக்கள் பேசுவதற்கென்று நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

நீதிமன்றம் இதை மாற்றித் தரும் என்று காத்திருப்பவர்களுக்கும் ஒன்று. மாற்றங்கள் ஆசிய மாணவர்களின் எண்ணிக்கையைக் குறைக்கவே கொண்டுவரப்பட்டன என்று கூறிப் பெற்றோர் அமைப்பு ஒன்று மான்ட்கோமெரி பள்ளி வாரியத்தின் மீது 2020-இல் தொடுத்த வழக்கு, 2022-இல் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. ஃபேர்ஃபாக்ஸின் தாமஸ் ஜெஃபர்சன் உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வைக் கைவிட்டு, ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பு எண்ணிக்கையில் 1.5 சதவீத இடங்களை அந்தந்தப் பள்ளிக்கே ஒதுக்கியபோதும் இதே வாதம் எழுந்தது. நான்காம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 மே மாதத்தில் அந்த முறை செல்லும் என்றது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்க மறுத்தது.

எல்லாரையும் பரிசீலிப்பது வெறும் நல்லெண்ணமா, பயன் தருவதா என்பதற்கு ஃபுளோரிடாவின் ஒரு பெரிய பள்ளி மாவட்டம் சான்று. ஆசிரியரும் பெற்றோரும் பரிந்துரைத்த பிள்ளைகளை மட்டும் சோதித்துவந்த அம்மாவட்டம், 2005 முதல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் சொற்கள் அதிகம் தேவைப்படாத ஒரு திறன் தேர்வை நடத்தியது. டேவிட் கார்ட், லாரா ஜூலியானோ ஆகிய பொருளியலாளர்கள் இதை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட முடிவின்படி, சிறப்பு வகுப்புக்குத் தகுதி பெற்ற கறுப்பின மாணவர்களின் விகிதம் 80 சதவீதமும், ஹிஸ்பானிய மாணவர்களின் விகிதம் 130 சதவீதமும் உயர்ந்தன. தகுதிக்கான எல்லையைத் தாழ்த்தாமலேயே இது நடந்தது. அந்தப் பிள்ளைகளின் திறமையை யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் அதுவரை இருந்த சிக்கல். புதிதாக வந்த நம் பிள்ளைகளும், ஆங்கிலம் இன்னும் வாயில் பழகாத நிலையில், கவனிக்கப்படாமல் போகக்கூடியவர்களே.

அந்தக் கவனம் பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே தொடங்குகிறது. வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்கும் படிவத்தில், தமிழ் என்று எழுதினால் பிள்ளையைப் பின்தங்கிய வகுப்பில் போட்டுவிடுவார்கள் என்ற அச்சத்தில் ஆங்கிலம் என்று எழுதிவிடுகிறார்கள் சிலர். உண்மையை எழுதுங்கள். மேரிலாந்திலும் வர்ஜீனியாவிலும் விடா எனப்படும் ஆங்கிலத் திறன் சோதனை நடக்கும். தேறிவிட்டால் அத்தோடு முடிந்தது, தேறாவிட்டால் பிள்ளைக்குத் தேவையான துணை கிடைக்கும். ஆங்கிலம் கற்கும் மாணவர் என்ற ஒரே காரணத்துக்காகச் சிறப்பு வகுப்புப் பரிசீலனையிலிருந்து ஒரு பிள்ளையை விலக்குவது, 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவுக்கு முரணானது.

மேப் தேர்வின் போக்கும் நம் பிள்ளைகளுக்குப் புதிது. அது கணினியில் நடப்பது. சரியாக விடையளித்தால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் பிறகு திரும்பி வர இயலாது; கடுமையான கால வரம்பும் கிடையாது. தெரிந்ததை முதலில் முடி, வேகமாக எழுது என்று பழக்கப்பட்ட பிள்ளை இங்கே அவசரத்தாலேயே இழக்கிறது. கேள்விகள் கடினமாகிக்கொண்டே போனால் நன்றாகச் செய்கிறோம் என்று பொருள் என முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லையேல் நடுவிலேயே சோர்ந்துவிடும். கணக்கு நன்றாகத் தெரிந்த பிள்ளை, அங்குலம், பவுண்டு, கேலன், ஃபாரன்ஹீட் போன்ற அளவுகளும், குவார்ட்டர், டைம், நிக்கல் என்ற நாணயங்களும் தெரியாததால் கணக்கைத் தவறவிடுவதுண்டு. இதைத் திறமைக் குறைவாக அந்த மதிப்பெண் காட்டும். சில மாலைப் பொழுதுகளில் வீட்டிலேயே தீரும் குறை இது.

ஆசிரியரின் மதிப்பீடு இன்னும் நுட்பமானது. ஃபேர்ஃபாக்ஸ் போன்ற மாவட்டங்களில் பிள்ளை எவ்வாறு கேள்வி கேட்கிறது, மாற்று வழி சொல்கிறது, ஆர்வத்தைத் தொடர்கிறது என்பதை ஆசிரியர் படிவத்தில் பதிவு செய்கிறார். ஆசிரியர் பேசும்போது வாய்மூடிக் கேட்பதே மரியாதை என்று வளர்ந்த பிள்ளை அந்தப் படிவத்தில் வெறுமையாகத் தெரியலாம். அதன் இயல்பை மாற்ற முயலாமல், பெற்றோர் சந்திப்பின்போது அது வீட்டில் தானாகச் செய்த வேலைகளை, தமிழில் எழுதிய கதையாக இருந்தாலும், எடுத்துச் சென்று காட்டுங்கள். தேவையெனில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம், கட்டணம் இல்லை.

கோச்சிங் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. சிறப்புத் திறன் வகுப்புகளுக்குப் பல மாவட்டங்கள் பயன்படுத்தும் காக்அட் என்ற சிந்தனைத் திறன் தேர்வை உருவாக்கியவர்களில் ஒருவரான, அயோவா பல்கலைக்கழகத்தின் டேவிட் லோமன், கேள்விகளின் வடிவத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்பே பழக்க வேண்டும் என்றும், பிள்ளைகளைத் தம்மைப் போன்ற கற்கும் வாய்ப்புப் பெற்றவர்களோடு ஒப்பிட வேண்டும் என்றும் வாதிட்டவர். வடிவத்தைப் பழகுவதற்கு ஓரிரு அமர்வுகள் போதும். அதற்கு மேல் மாதக்கணக்கில் பணம் கட்டி எட்டு வயதுப் பிள்ளையை வார இறுதியெல்லாம் அடைத்து வைப்பதில், தேர்வின் நம்பகத்தன்மையையும் சேர்த்தே கெடுக்கிறோம். பிறகு தேர்வு நியாயமாக இல்லை என்று நாமே குறைசொல்கிறோம்.

முடிவுக் கடிதம் வந்த பின் செய்ய வேண்டியவை சில. ஃபெர்பா எனப்படும் 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிள்ளையின் கல்விப் பதிவுகளைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. பள்ளி 45 நாட்களுக்குள் அதற்கு வழிசெய்ய வேண்டும். எந்த மதிப்பெண் எந்தக் குழுவோடு ஒப்பிடப்பட்டது என்று எழுத்து வடிவில் கேளுங்கள். ஆண்டின் இடையில் வந்த பிள்ளைக்கு மேப் மதிப்பெண்ணே இல்லாமலும், பழைய பள்ளியின் மதிப்பெண்கள் பதிவேறாமலும் இருப்பது அபூர்வமன்று. மேல்முறையீட்டில் பெரும்பாலும் எடுபடுவது இத்தகைய விடுபாடுகளே. பிள்ளை மிகவும் புத்திசாலி என்று பக்கம் பக்கமாக எழுதுவது எடுபடுவதில்லை. மேல்முறையீட்டுக்கான கெடு குறுகியது. அதைக் கடிதத்திலேயே தேடிப் பாருங்கள். காத்திருப்போர் பட்டியல் இருந்தால் விலகிவிடாதீர்கள், கோடையில் இடம்பெயரும் குடும்பங்களால் அது நகரும்.

மேக்னெட் இடம் கிடைக்காத பிள்ளைக்கு அதே அளவு கடினமான பாடம் அருகிலுள்ள பள்ளியிலேயே கிடைக்கக்கூடும் என்பதையும் விசாரியுங்கள். மான்ட்கோமெரியில் குலுக்கலில் வராதவர்களுக்காக வழக்கமான நடுநிலைப் பள்ளிகளிலேயே மேம்பட்ட கணித வகுப்பும் வரலாற்று வகுப்பும் தொடங்கப்பட்டன. கணிதப் பாதை, அதாவது அல்ஜீப்ராவை ஏழாம் வகுப்பில் படிப்பதா எட்டாம் வகுப்பிலா என்பது, பல மாவட்டங்களில் மேக்னெட் தேர்வோடு தொடர்பில்லாமல் தனியாக முடிவாகிறது. அதை முடிவு செய்பவர் யார், எந்த மாதத்தில் முடிவு செய்கிறார் என்பதைப் பள்ளியின் கவுன்சலரிடம் ஆறாம் வகுப்பு தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.