'எந்தச் சமூகத்துக்குங்க?' – ஒரு துண்டறிக்கைக்குச் சொல் தேவை

தர்மபுரியிலிருந்து:
வணக்கம். மனச்சிதைவு உள்ள பெரியவர்களுக்கும் ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கும் ஒரு குழுப் பயிற்சி தொடங்குகிறோம். எதிரில் இருப்பவரின் முகம், குரல், நோக்கம் இவற்றைப் புரிந்துகொள்ளப் பழகுவது. மாத்திரைக்குப் பதில் அல்ல, அதோடு சேர்ந்து. தலைப்பில் 'சமூக அறிதிறன் பயிற்சி' என்று போட்டிருந்தேன். பாப்பாரப்பட்டியிலிருந்து வந்த ஒரு அப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எந்தச் சமூகத்துக்குங்க? எங்களுக்கும் உண்டா?" என்றார். நம் பக்கம் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகணும். வேறு சொல் தாருங்கள்.

பாலக்கோடு, தமிழாசிரியர்:
குறிப்பறிதல் இருக்க என்ன கவலை? வள்ளுவர் 71ஆம் அதிகாரத்துக்கும் 110ஆம் அதிகாரத்துக்கும் ஒரே பெயர் வைத்தார். முன்னது அரசவை, பின்னது காதலியின் கண். நாம் தகடூர்க்காரர்கள் வேறு. அதியமானுக்காகத் தூது போன ஔவை தொண்டைமானிடம், உன் வேல்கள் பீலி சூடி நெய் பூசிக் காவலோடு இருக்கின்றன, அவனுடையவை நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். வெளியே புகழ்ச்சி, உள்ளே குத்து. அதைப் பிடிப்பதைத்தானே சொல்லித் தருகிறீர்கள்? குறி, குறிப்பு, குறிக்கோள் எல்லாம் ஒரே வேர். குறிஞ்சியும் அதில் சேரும் என்பது என் துணிபு. தனி மடலில் எழுதுகிறேன்.

ஓசூரிலிருந்து:
குறிஞ்சியை விடுங்க ஐயா. குறி கேட்டே மூணு வருஷம் அலைந்துவிட்டு வரும் குடும்பத்திடம் 'குறி' என்று தொடங்கும் தாளை நீட்டலாமா? 'இங்கிதம்' போடுங்க. தேன்கனிக்கோட்டைத் தெலுங்குக்காரருக்கும் புரியும்.

பாலக்கோடு:
இங்கிதம் வடசொல்.

ஓசூர்:
நீங்கள் எண்ணிச் சொன்ன 'அதிகாரம்'?

தர்மபுரி:
வடசொல் என்பது எனக்குச் சிக்கல் இல்லை. 'இங்கிதம் தெரியாதவன்' வசவாயிற்றே! நோயை ஒழுக்கக் குறைவாக்கிவிடும். குறிப்பறிதலிலும் ஒரு கோளாறு, ஐயா. முன்பு வந்த ஒருவர், டீக்கடையில் ரெண்டு பேர் சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் என்பார். அவருக்குக் குறிப்பு தெரியாமல் இல்லை. இல்லாத குறிப்பும் தெரிகிறது. சிரிப்புக்கு வேறு மூன்று காரணம் எழுதச் சொன்னோம். ரொம்ப நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு மூன்றாவதாக, 'பஜ்ஜி வாயைச் சுட்டிருக்கும்' என்று எழுதினார்.

அரூரிலிருந்து:
எனக்கு ஆட்டிசம். என் முகம் உங்களில் பலருக்குப் புரிவதில்லை. அதற்கு உங்களுக்கு யாரும் பயிற்சி வைக்கவில்லை. ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் எழுதியது இதைத்தான்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது. என்னை மட்டும் திருத்துகிற பெயர் வேண்டாம்.

கிருஷ்ணகிரியிலிருந்து:
'பிறர்மனம் அறிதல்'?

ஓசூர்:
அச்சில் எழுத்து பிசகி 'பிறர்மனை' ஆனால் நேரே குறளின் 15ஆம் அதிகாரம், 'பிறனில் விழையாமை'தான்.

தர்மபுரி:
'புரிந்து பழகும் பயிற்சி' என்று வைக்கிறேன். யார் யாரைப் புரிந்து என்று அதில் இல்லை. அரூர்க்காரருக்கும் சம்மதமாக இருக்கும்.

அரூர்:
'பயிற்சி' இன்னும் உறுத்துகிறது. சரி, போடுங்கள்.

கிருஷ்ணகிரி:
எனக்குச் சரி.

ஓசூர்:
சரி. தூக்கம் வருது.

பாலக்கோடு:
வினையெச்சத்தில் தொடங்குவது கலைச்சொல் ஆகாது, அது வாக்கியத் துண்டு. என் மறுப்பைப் பதிவு செய்யவும். 'குறிப்பறிதல்' அடைப்புக்குறிக்குள்ளாவது வரட்டுமே?

தர்மபுரி:
அந்த இடத்தில் பேருந்து எண் இருக்கிறது ஐயா. தாள் அச்சுக்குப் போய்விட்டது.