மேட்டுக்காட்டில் நாட்டு மரம், கீழே நெல்: இரண்டும் ஒத்துப்போகுமா?

கண்மாய்க்கரை (மேலூர்):

எல்லோருக்கும் வணக்கம். மேலூருக்கு மேற்கே, அரிட்டாபட்டி மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எங்களுக்கு நாலரை ஏக்கர் இருக்கிறது. மூன்று ஏக்கர் பெரியாறு கால்வாயில் ஒருபோகம். தண்ணீர் விட்டால் நெல், விடாத வருஷம் கிணற்றை நம்பிக் கொஞ்சம் உளுந்து. மிச்சம் ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காடு, அப்பா கடலை போட்ட இடம். அவர் போய்ப் பத்து வருஷமாக உழவில்லை. இப்போது முழுக்கச் சீமைக்கருவேல்.

போன மாதம் வெள்ளாட்டைத் தேடி உள்ளே போனேன். முள்ளுக்கு நடுவே ஒரு உசில மரம். இலையை உருவிக் கசக்கினேன், அம்மாச்சி தலைக்குத் தேய்த்துவிடும் அரப்பு வாசம் அப்படியே வந்தது. அந்த மரத்தடியில் மட்டும் புல் இருந்தது. அதிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. 2022-இல் அரிட்டாபட்டி மலையைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், 193 ஹெக்டேர். மலையில் இருக்கிற வல்லூறு இரை தேடி வருவது எங்கள் வயலுக்குத்தான். அந்த ஒன்றரை ஏக்கரைப் பழையபடி நாட்டுக் காடாக்க ஆசைப்படுகிறேன்.

தம்பி ஜேசிபி வைத்து ஒரே நாளில் வழித்துவிட்டு, அரசின் உழவன் செயலியில் பதிந்து தேக்கும் மகாகனியும் வாங்கி நடலாம் என்கிறான். முள்ளைக் கரி சுடுகிற மூட்டத்துக்குக் கொடுத்தால் கரிக்காசு வருமே என்பது அம்மா. எனக்கு மூன்று சந்தேகம். ஜேசிபி விடலாமா? நெல்லுக்கு நிழல் கட்டுமா? மயில் கூடிவிடுமா?

கரிசல்காடு (பேரையூர்):

தங்கச்சி, ஜேசிபியைக் கூப்பிடாதே. நான் கூப்பிட்டேன்.

2016-இல் என் இரண்டு ஏக்கரையும் ஒரே மூச்சில் வழித்தேன். பார்க்கச் சுத்தமாக இருந்தது. ஐப்பசி மழையில் மேல்மண் ஓடையோடு போனது. நட்ட முந்நூறு கன்றில் அடுத்த சித்திரைக்கு நின்றது நாற்பதுகூட இல்லை. மண்ணுக்குள் கிடந்த சீமைக்கருவேல் விதையெல்லாம் கீரைப்பாத்தி மாதிரி முளைத்து வந்தது.

பாறை இருந்ததால் மிஷின் ஏற முடியாத ஒரு மூலை மட்டும் தப்பித்தது. அங்கே ஆள் வைத்துக் கடப்பாரையால் முள்ளை மட்டும் தோண்டினோம். ஒரு கன்றும் நடவில்லை. அடுத்த மழைக்கு உசில், காரை, சூரை எல்லாம் பழைய வேரிலிருந்து தானாகத் துளிர்த்தன. இன்றைக்கு அந்த மூலைதான் என் காட்டிலேயே அடர்த்தி. ஆடு கடித்துக் கடித்துத் தரையோடு கிடந்த வேர்களுக்கு வெயிலும் இடமும் கிடைத்ததும் எழுந்துவிட்டன.

அதனால் முதலில் காட்டுக்குள் நடந்து, இருக்கிற நாட்டு மரம், செடி எல்லாவற்றிலும் சிவப்புத் துணி கட்டு. வெட்டுகிற ஆளுக்கு அது தெரிய வேண்டும். வருஷத்துக்கு அரை ஏக்கர் போதும். சீமைக்கருவேலைத் தரையோடு வெட்டினால் தூரிலிருந்து நாலு கிளை கிளம்பும். மழை பெய்து மண் இளகினதும் ஒரு அடி ஆழத்துக்காவது தோண்டி அடித்தூரோடு எடுக்க வேண்டும். அப்புறம் மூன்று மழைக்காலம் புதிதாக முளைக்கிற சீமைக்கருவேல் நாற்றைக் கையாலேயே பிடுங்கிக்கொண்டிரு. இதில் சலித்தால் எல்லாம் வீண்.

சீமைக்கருவேல் நெற்று பழுக்கிற காலத்தில் வெளியே மேய்ந்த ஆட்டை உள்ளே விடாதே. ஒரு புழுக்கையை உடைத்துப் பார்த்தேன், உள்ளே விதை முழுசாக இருந்தது. விறகு விற்ற காசு எனக்குக் கூலியில் பாதியை ஈடு கட்டியது, அம்மாவிடம் சொல்.

மகாகனி நம் மண்ணின் மரமில்லை. தம்பிக்கு ஆசை என்றால் கிணற்றோரம் பத்து நடட்டும்.

இரட்டைப்போகம் (கள்ளந்திரி):

நான் நெல்லை வைத்துப் பேசுகிறேன். அக்கா, உங்கள் மேட்டுக்காடு வயலுக்கு எந்தத் திசை? நம் போகம் ஐப்பசி முதல் தை வரை, அப்போது சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கும், நிழல் வடக்கே விழும். காடு வயலுக்கு வடக்கே இருந்தால் பயமில்லை. தெற்கே இருந்தால் பொழி (வயல் எல்லை வரப்பு) ஓரமாக ஆவாரை, விராலி மாதிரிப் புதரை மட்டும் விட்டு, உயர மரத்தை உள்ளே தள்ளிக்கொள்ளுங்கள். காட்டுக்கும் வயலுக்கும் நடுவில் இரண்டடி ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டினால் மேலோட்டமாக வருகிற வேர் வயலுக்குள் வராது.

மயில் வரும், மறைக்க மாட்டேன். ஆனால் இப்போதே அது உங்கள் முள்ளுக்குள்தானே அடைகிறது? போன வருஷம் என் நாற்றங்காலைக் கிளறிவிட்டது. அதிலிருந்து வீட்டு ஓரமாகத்தான் நாற்றங்கால் போடுகிறேன். எலிக்கு வயலில் பறவை தாங்கி நட்டு வையுங்கள், இரவில் ஆந்தை உட்காரும். காடு பக்கத்தில் இருந்தால் ஆந்தைக்குக் குறைவிருக்காது.

வாக்கப்பட்ட ஊர் காங்கேயம்:

நான் பிறந்தது திருமங்கலம் பக்கம். இங்கே வந்துதான் கொறங்காடு பார்த்தேன். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல். மாடும் ஆடும் மேயும், வெள்வேல் காயையும் தின்னும். காடும் வருமானமும் ஒரே நிலத்தில்.

உங்கள் ஒன்றரை ஏக்கரில் ஒரு பகுதியை இப்படி விடலாம். மழைக்கு முன்னால் கிளுவைப் போத்தை (வெட்டிய கிளையை) நெருக்கமாக நடுங்கள். புல் வேர் பிடிக்கும்வரை ஆடு உள்ளே வேண்டாம். அப்புறம் மாற்றி மாற்றி மேயவிடலாம்.

கண்மாய்க்கரை (மேலூர்):

அண்ணே, தம்பி, அக்கா, மூன்று பேருக்கும் நன்றி. நேற்று அம்மாவும் நானும் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து எடுத்துக்கொண்டு போனோம். ஆறு உசில், மூன்று வெள்வேல். எனக்குப் பேர் தெரியாத இரண்டை அம்மா பார்த்ததும் சொல்லிவிட்டது: ஒன்று காரை, இன்னொன்று சங்கஞ்செடி. மொத்தம் பதினொன்று கட்டினோம்.

காடு வயலுக்கு வடக்கேதான் இருக்கிறது, நிழல் பிரச்சினை இல்லை. புரட்டாசி மழைக்கு அரை ஏக்கர் தொடங்குகிறோம், ஜேசிபி இல்லாமல். கரிமூட்டத்துக்கு அம்மாவே ஆள் பேசிவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை வைத்தது: கிணற்றுப் பக்கம் இருபது சென்ட்டை விட்டுவிட வேண்டும், அதில் அப்பா மாதிரி கடலை போடணுமாம். மயில் வந்தால் தானே விரட்டிக்கொள்கிறேன் என்கிறது.