குத்தகையை வீட்டு வாடகை ஆக்கிய மென்பொருள்: பிழை யாருடையது?

கும்பகோணம் டீச்சர்:
வருமான வரி ரிட்டனை (மதிப்பீட்டு ஆண்டு 2025-26, புதிய முறை) ஒரு தனியார் மென்பொருளில் போட்டேன். சம்பளம் கழிவு போக 9 லட்சம். அப்பா விட்டுப்போன நிலத்தில் குறுவையும் தாளடியும் சேர்த்து, செலவு போக 2 லட்சம். விவசாய வருமானம் என்று கேட்ட இடத்தில்தான் அதை நிரப்பினேன். நேற்று பிடிஎஃப்பைத் திறந்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தால், ஐடிஆர்-2 படிவத்தில் விவசாயக் கட்டம் காலி. அந்த 2 லட்சம் ‘இதர விலக்கு வருமானம்’ என்ற கட்டத்தில் கிடக்கிறது.

விலக்குதானே, எங்கே இருந்தால் என்ன என்று கேட்காதீர்கள். விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானமும் வரி இல்லாத அடிப்படை வரம்பைத் தாண்டினால், இரண்டையும் கூட்டித்தான் வரி போட வேண்டும். 11 லட்சத்துக்கு வரி 65,000. அதிலிருந்து 5 லட்சத்துக்கான (விவசாயம் 2, வரம்பு 3) 10,000 போனால் 55,000. மென்பொருள் போட்டதோ 40,000. செஸ்ஸோடு (வரியின் மேல் வரும் கூடுதல் வரி) 15,600 குறைவு, வட்டி தனி. நான் எதையும் மறைக்கவில்லை. ஆனால் மறைத்தவள் மாதிரி நிற்கிறேன்.

தஞ்சை கணக்கர்:
டீச்சர், கஷ்டம் புரிகிறது. ஆனால் உறுதிமொழி உங்கள் பெயரில் இருக்கிறது, ஓடிபி போட்டு இ-வெரிஃபை செய்ததும் நீங்கள். துறை உங்களைத்தான் கேட்கும். நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை எடை போடும்போது பக்கத்திலேயே நிற்கிறோம் இல்லையா? அதே கவனம் இதற்கும் வேண்டும். பிடிஎஃப்பை அனுப்புவதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டும்.

மன்னார்குடிக்காரன்:
சார், எடை கண்ணுக்குத் தெரியும். இங்கே என்ன தெரிகிறது? என் கதையைக் கேளுங்கள். பென்ஷன் கழிவு போக 8 லட்சம். 3 ஏக்கரைக் குத்தகைக்கு விட்டதில் 60,000. மென்பொருள் ‘ரென்ட்’ உண்டா என்று கேட்டது, உண்டு என்றேன். அதை வீட்டுச் சொத்தில் போட்டு, 30 சதவீதம் கழித்து, 42,000க்கு வரி போட்டுவிட்டது. வாடகைக்கு விட்ட வீட்டின் முகவரி என்று நான் குடியிருக்கும் வீட்டையே தானாக நிரப்பியிருக்கிறது! சாகுபடி நிலத்தின் குத்தகை சட்டப்படி விவசாய வருமானம். இது டெல்டாவில் யாருக்கும் தெரியும், அந்தத் திரைக்குத் தெரியவில்லை. அனுப்பும் முன் எந்தத் தொகை எந்தக் கட்டத்துக்குப் போகிறது என்று தமிழில் ஒரு பக்கம் காட்டினால் நானே பிடித்திருப்பேன்.

தஞ்சை கணக்கர்:
அந்தக் கேள்வி தப்பு, ஒப்புக்கொள்கிறேன். அப்படி ஒரு பக்கம் வேண்டும் என்பதும் சரி. ஆனாலும் அது வரும்வரை பார்க்க வேண்டியது நாம்தான்.

வெண்ணாறு:
துறையின் சொந்த மென்பொருளே தடுத்தால்? 2024 ஜூலை 5க்குப் பிறகு, பங்கு விற்ற குறுகிய கால லாபத்தின் வரிக்கு 87ஏ தள்ளுபடியை (குறைந்த வருமானக்காரர்களுக்கான வரித் தள்ளுபடி) கேட்கவே அது விடவில்லை. பம்பாய் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் ரிட்டனைத் திருத்துவதற்கான கெடுவை 2025 ஜனவரி 15 வரை நீட்டினார்கள். அங்கே ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தவரும்தான் மாட்டிக்கொண்டார்.

தஞ்சை கணக்கர்:
அதில் எனக்கும் கோபம் உண்டு. சரி, இப்போது வேலையைப் பார்ப்போம். 2025 டிசம்பர் 31க்குள் திருத்திய ரிட்டன் போடலாம். டீச்சர், முதலில் பாக்கியை வட்டியோடு கட்டிவிட்டு, சலான் எண்ணை அதில் சேருங்கள். மன்னார்குடி அண்ணே, விவசாயம் 5,000க்கு மேல் என்பதால் உங்களுக்கு ஐடிஆர்-1 ஆகாது, ஐடிஆர்-2தான். 34,200 என்று போட்ட வரி, டீச்சர் போட்ட அதே கணக்கில் 33,000 ஆகும். செஸ்ஸோடு 1,248 ரூபாய் திரும்ப வரும்.

மன்னார்குடிக்காரன்:
போட்டுவிடுகிறேன் சார். ஆனால் ஒன்று. டீச்சர் குறைவாகக் கட்டியதற்கு என்றைக்காவது நோட்டீஸ் வரும். நான் கூடுதலாகக் கட்டியதை யார் வந்து சொல்லியிருப்பார்கள்? போன வருஷமும் இதே மென்பொருளில்தான் போட்டேன். அந்த பிடிஎஃப்பை இப்போதுதான் தேடி எடுக்கிறேன்.