சோயாவில் ‘கேனப்பி குளோஷர்’: விதான மூடல் சரியா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

மத்தியப் பிரதேச மாளவக் கரிசல் மண்ணில் சோயா சாகுபடி பற்றிய கையேட்டைத் தமிழில் ஆக்கி வருகிறோம். செடிகள் வளர்ந்து இலைகளால் இடைவெளியை மூடுவதைக் குறிக்க ‘கேனப்பி குளோஷர்’ என்று வரும் இடமெல்லாம் ‘விதான மூடல்’ என்று இட்டிருக்கிறேன். உங்கள் கருத்து வேண்டும்.

*

வணக்கம் ஐயா.

> விதான மூடல்

விதானம் தலைக்கு மேல் கட்டுவது. காட்டு மரங்களுக்கு ஒத்துவரும். முழங்கால் உயரச் சோயாவுக்கு எப்படி? ‘மூடல்’ என்றதும் கடையடைப்புதான் நினைவுக்கு வருகிறது.

வயலில் நடப்பதைப் பார்ப்போம். பக்கத்து வரிசைகளின் இலைகள் ஒன்றோடொன்று தொட்டு, இடையில் மண் தெரியாமல் போகிறது. ‘வரிசை கூடல்’ எனலாமே. ‘வரிசை கூடிடுச்சா?’ என்றால் யாருக்கும் புரியும்.

ரகத்தையும் இடைவெளியையும் இணைப்பதே இந்தச் சொல்தான். ஜே.எஸ். 335 ஏறக்குறைய 95-100 நாள் ரகம்; 45 செ.மீ. வரிசையிலும் பூக்கும் பருவத்தை ஒட்டிக் கூடிவிடும். ஜே.எஸ். 95-60 குட்டை, சுமார் 85 நாளில் முடிந்துவிடும். அதையும் 45-இல் விதைத்தால் கூடுவதற்குள் காய் பிடித்துவிடும். இடையில் விழும் வெயில் களைக்குத்தான் போகும். அதற்கு 30 செ.மீ. போதும். மாறாக, வளமான மண்ணில் படரும் ரகத்தை நெருக்கினால் தண்டு நீண்டு சாயும்.

*

மேலே அம்மையார் சொன்ன விளக்கம் பொருத்தம். சொல்லில்தான் ஒரு சிக்கல்: கையால் வீசி விதைத்த வயலில் வரிசை ஏது? ‘இலைகூடல்’ என்றால் இரண்டுக்கும் பொருந்தும்.

கையேட்டில் இந்தச் சொல்லுக்குக் கீழே, கூடாமல் போவதற்கான காரணங்களையும் சேருங்கள். முதல் காரணம் விதை. சோயாவின் விதையுறை மெல்லியது. கதிரடிக்கும் எந்திரத்தில் அடிபட்டாலே முளைப்பு விழுந்துவிடும். வரிசைக்கு வரிசை 45, செடிக்குச் செடி 5 செ.மீ. என்றால் எக்டேருக்கு 4.44 லட்சம் செடி. நூறு விதை 12 கிராம் என்றால் 53 கிலோ. முளைப்பு 70 விழுக்காடு என்றால் 76 கிலோ. இந்தக் கணக்கைப் போடாமல் குத்துமதிப்பாக விதைத்தால் வரிசைக்குள்ளேயே பொக்கை விழும். 3 செ.மீ. ஆழத்துக்குக் கீழே போனாலும், விதைத்த பின் மழையில் மேல்மண் இறுகினாலும் இதே கதிதான்.

அடுத்தது மண். 30-35 நாளில் இலை வெளிறி, இடைவெளி அப்படியே நின்றால் ஒரு செடியைத் தோண்டி எடுத்து, வேர்முடிச்சைக் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து சேர்கிறது. பச்சையாகவோ சாம்பலாகவோ இருந்தால் இல்லை. வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும் பாக்டீரியாவான ரைசோபியத்தை, விதையில் பூசணக்கொல்லி கலந்த பிறகு, கடைசியாக, நிழலில் கலந்து அன்றே விதைக்க வேண்டும். யூரியாவை அள்ளிப் போட்டால் முடிச்சே குறையும். எக்டேருக்கு மணிச்சத்து 60 கிலோவை டி.ஏ.பி.யாக (டை அம்மோனியம் பாஸ்பேட்) இட்டால் கந்தகம் கிடைக்காது. சூப்பர் பாஸ்பேட் 375 கிலோவாக இட்டால் தேவையான 20 கிலோ கந்தகம் தாராளமாக வந்துவிடும்.

*

‘இலைகூடல்’ எனக்குச் சம்மதம். ஒற்று? ‘இலைக்கூடல்’ என்று திருத்திவிடுவார்களே!

*

மிகாது ஐயா. இலை எழுவாய், நிலைகுலைதல் போல. பதிவை இப்படி வைக்கலாம்:

இலைகூடல் (பெ.): அடுத்தடுத்த செடிகளின் இலைகள் தொட்டு, நண்பகலில் மேலிருந்து பார்த்தால் மண்ணில் வெயில் படாத நிலை. வினை: இலைகூடு. எ.கா.: ‘பூக்கும் முன் இலைகூடாத வயலில் இன்னொரு களையெடுப்பு தேவைப்படும்.’