ஃபேவர் லூபா, சோவார் பிரைமா: பழைய ஸ்விஸ் கைக்கடிகார அனுபவங்கள்

கைச்சாவி:
அப்பாவின் ஃபேவர் லூபா ஸீ சீஃப் வாட்ச். சர்வீஸுக்குக் கொடுத்திருந்தேன், கடைப் பெயர் வேண்டாம். பின்மூடியின் உட்புறம் ரிப்பேர்க்காரர்கள் ஊசியால் கீறி வைக்கும் குறி உங்களுக்கெல்லாம் தெரியுமே. இதில் 1971-லிருந்து பல கைகள். ஒருவர் தேதிக்கு முன்னால் 'ரா' என்று தமிழிலேயே போட்டிருந்தார். வாட்சைத் திரும்ப வாங்கும்போது திறந்து காட்டச் சொன்னேன். உள்ளே பளபளவென்று இருக்கிறது, ஒரு கீறல் இல்லை. "அழுக்கா இருந்துச்சு சார், பஃப் போட்டுட்டேன். அதுக்குக் காசு வேணாம்." பெருமையாகத்தான் சொன்னான் பையன். என்னத்தைச் சண்டை போடுவது? வாட்ச் நன்றாகத்தான் ஓடுகிறது.

17கல்:
மூடிதானே சார் போனது, டயல் தப்பித்ததே! மும்பையில் எனக்கு ஒரு ஃபேவர் லூபா ஸீ கிங்கை நீட்டினார்கள். ஆரஞ்சு டயல், நேற்று அடித்த பெயிண்ட். லென்ஸில் பார்த்தால் 6-க்குக் கீழே 'ஸ்விஸ் மேட்' எழுத்தின் மேலேயே நிமிடக் கோடு ஏறி ஓடுகிறது. "கம்பெனி டயல்" என்று சத்தியம் செய்கிறார் மனுஷன். மெஷின் மட்டும் அசல். ஃபேவர் லூபா பம்பாய்க்கு வந்தது 1865-இல். நூறு வருஷத்துக்கும் மேல் இங்கே விற்ற வாட்ச், அதற்குப் போய் இந்தக் கதி.

பழையமுள்:
டயலைத் திரும்ப எழுதுவதெல்லாம் ஏமாற்று இல்லை, 17கல். கறுத்த டயலைப் புதுப்பித்துக் கொடுப்பது அந்தக் காலத்திலேயே இருந்த தொழில்தான். அசல் என்று சொல்லி விற்பதுதான் தப்பு.

என் கதை சின்னது. தாத்தாவின் வெஸ்ட் எண்ட் சோவார் பிரைமாவைக் கொண்டுபோன கடையில், பக்கத்து மேஜைப் பையன் வேறொரு பழைய வாட்சின் முள்ளில் இருந்த ஒளிப்பூச்சைப் பிளேடால் சுரண்டி, வாயால் ஊதினான். அந்த 'ஃபூ' இன்னும் காதில் இருக்கிறது.

தயவுசெய்து கேளுங்கள். 1960-களுக்கு முந்தைய ஒளிப்பூச்சு பெரும்பாலும் ரேடியம், கதிர்வீச்சு உள்ளது. இருட்டில் மின்னவில்லை என்றால் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மின்னும் பொருள்தான் கெட்டுப்போயிருக்கும்; ரேடியம் பாதியாகக் குறையவே 1600 வருஷம் ஆகும். மூடி இருக்கும்வரை பெரிய பயமில்லை, தூள் மூக்கில் போவதுதான் ஆபத்து. வீட்டில் திறக்காதீர்கள். அப்புறம், மூடியில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று இருப்பதை நம்பி மழையில் போகாதீர்கள், ரப்பர் வளையம் எப்போதோ இறுகியிருக்கும். கைச்சாவி, உங்கள் ஸீ சீஃபுக்கும் தினம் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள். ஸ்பீக்கர் பக்கம் வைக்காதீர்கள், காந்தம் ஏறினால் வேகமாக ஓடும்.

கைச்சாவி:
சாவி கொடுப்பது எப்படி என்று நான் கேட்கவே இல்லையே.

17கல்:
எல்லாவற்றையும் ரேடியம் என்று பயமுறுத்தாதீர்கள். டயலில் 'ஸ்விஸ்' என்ற சொல்லின் இருபுறமும் ஆங்கில 'டி' இருந்தால் ஒளிப்பூச்சு ட்ரிட்டியம், பன்னிரண்டு வருஷத்திலேயே பாதியாகிவிடும். அது போகட்டும், பிளேடால் சுரண்டி ஊதிய அந்தப் பையனிடம் யாராவது ஏதாவது சொன்னீர்களா, இல்லையா?