நைட்ரேட் ஜீரோ என்று குதித்தவன் கதை, உங்களுடையதும் வரட்டும்

உப்புத்தண்ணி:

மூன்று வருடமாக 300 லிட்டர் ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டி, ஓடுகிறது. அதில் நான் பண்ணிய ஒரு கூத்தைச் சொல்கிறேன், அப்புறம் நீங்களும் சொல்லுங்கள்.

முதல் வருடம் முழுக்க எனக்கு ஒரே பைத்தியம், தீனியிலிருந்தும் மீன் கழிவிலிருந்தும் தண்ணீரில் சேரும் சத்துகளான நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஜீரோவில் நிற்க வேண்டும். பவளப்பாறை வளரும் கடலில் இரண்டுமே இருக்கிற இடம் தெரியாத அளவுக்குத்தான் இருக்கும் என்று எங்கேயோ படித்ததை அப்படியே பிடித்துக்கொண்டேன். தேவைக்கு மேல் பெரிய ஸ்கிம்மர் (கழிவை நுரையாக எடுக்கும் கருவி), சம்பில் (துணைத் தொட்டியில்) சத்தை உறிஞ்சும் கீட்டோ பாசி, அது போதாதென்று ரியாக்டர் குழாயில் ஜி.எஃப்.ஓ (பாஸ்பேட்டைப் பிடிக்கும் இரும்பு ஆக்சைடு துகள்), மீனுக்கு இரண்டு நாளைக்கு ஒரு தடவை ஒரு கிள்ளு தீனி. டெஸ்ட் கிட்டில் தண்ணீர் நிறமே மாறாமல் நின்றபோது அதை ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொண்ட ஆள் நான். ஹேமர் பவளம் சுருங்கியிருந்தது, மான்டிபோரா பவளத்தின் பச்சை வெளிறிக்கொண்டே வந்தது, லைட் ஜாஸ்தி போல என்று லைட்டைக் குறைத்தேன். பட்டினியில் மயங்கியவனுக்குக் குடை பிடித்த கதைதான்.

பிறகு ஒரு நாள் மணலில் துரு மாதிரி படலம். டயாட்டம் என்ற பழுப்புப் பாசி, தானாகப் போய்விடும் என்று விட்டேன். பத்து நாளில் அது சளி மாதிரி இழை இழையாகப் பாறையிலிருந்து தொங்க ஆரம்பித்தது, ஒவ்வொரு இழையின் நுனியிலும் ஒரு காற்றுக் குமிழி. ராத்திரி பாதி காணாமல் போகும், மறுநாள் மதியம் லைட் ஏறியதும் திரும்ப வந்து உட்காரும். டர்போ நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியிலிருந்து விழுந்து மல்லாந்து கிடந்தன. அந்தச் சளியைக் கொஞ்சம் பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்கி, காபி ஃபில்டர் தாளில் வடிகட்டி, வடிந்த தண்ணீரை லைட் அடியில் வைத்துப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில், தெளிவாக இருந்த தண்ணீருக்குள் அதே இழைகள் மறுபடி கோத்துக்கொண்டு நின்றன. டைனோ, அதாவது டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒற்றைச் செல் நுண்ணுயிர்.

நான் பட்டினி போட்டது சாதாரணப் பாசியையும் பாக்டீரியாவையும். அவை காலி செய்த இடத்தில் இது பட்டா போட்டுக் குடியேறிவிட்டது. ஜி.எஃப்.ஓ-வைக் கழற்றினேன், தண்ணீர் மாற்றுவதை நிறுத்தினேன், மீனுக்கு வயிறாரப் போட்டேன், நைட்ரேட்டைக் கையால் ஊற்றினேன். என் தொட்டிக்கு ஒரு பி.பி.எம் (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) ஏற்ற பொட்டாசியம் நைட்ரேட் அரை கிராம் போதும். மைக்ரோஸ்கோப்பில் ஆஸ்ட்ரியோப்சிஸ் என்ற டைனோ வகை மாதிரி தெரிந்ததால், ஓடும் தண்ணீரில் நுண்ணுயிரைக் கொல்லும் யு.வி விளக்கும் போட்டேன், அது ராத்திரியில் தண்ணீரில் மிதக்கிற வகை என்பதால் யு.வி-க்குச் சிக்கும். மணலோடு ஒட்டிக்கிடக்கும் ஆம்ஃபிடினியமாக இருந்திருந்தால் யு.வி தண்டம். எல்லாம் அடங்க எட்டு வாரம் ஆனது.

நண்டுவீடு:

என் கதை இதற்கு நேர் எதிர் சார். இரண்டு வருடமாக நைட்ரேட் 25, பாஸ்பேட் 0.25. கண்ணாடியை அடிக்கடி சுரண்ட வேண்டியிருக்கும், மற்றபடி எல்லாம் வளர்ந்துகொண்டிருந்தது, அக்ரோபோரா பவளம் உட்பட. அப்புறம் டேங்க் பார்க்க வந்த ஒருவர் 'இவ்வளவு பாஸ்பேட்டா?' என்று ஒரு வார்த்தை கேட்டார். ரோஷம் வந்து அன்று சாயங்காலமே ரியாக்டரில் ஜி.எஃப்.ஓ-வை முழு அளவில் கொட்டினேன். நான்கே நாளில் பாஸ்பேட் 0.04. எனக்கு ஒரே பெருமை.

ஐந்தாம் நாள் காலை அக்ரோபோராவின் அடிப்பக்கம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. சாயங்காலத்துக்குள் தோல் உரிந்து அது கிளை வரைக்கும் ஏறிவிட்டது. ஆல்கலினிட்டி (பவளம் எலும்புக்கூடு கட்ட எடுக்கும் கார்பனேட்டின் அளவு) பார்த்தால், எப்போதும் 9.5 டி.கே.ஹெச் (அதன் அலகு) இருக்கும் தொட்டியில் 10.8. பவளம் வளர்வதை நிறுத்திவிட்டது, உறிஞ்ச ஆளில்லை, டோசிங் பம்ப் மட்டும் தன் பாட்டுக்கு ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு பக்கம் பட்டினி, இன்னொரு பக்கம் ஆல்கலினிட்டி ஏற்றம், ஐந்து அக்ரோபோராவில் மூன்று போயின. 0.25 அவற்றைக் கொல்லவில்லை, நான்கு நாளில் நான் இறக்கியதுதான் கொன்றது. இப்போது கால் பங்கு ஜி.எஃப்.ஓ-தான் போடுகிறேன், மாதம் ஒன்றுக்கு 0.05-க்கு மேல் இறக்குவதில்லை. ஆல்கலினிட்டியையும் 8-க்குக் கொண்டு வந்துவிட்டேன்.

சம்ப்_சத்தம்:

நீங்கள் இருவரும் தண்ணீரில் தப்பு பண்ணினீர்கள், நான் கணக்கில். என் டிஜிட்டல் மீட்டர் பாஸ்பேட்டைக் காட்டாது, பாஸ்பரஸை பி.பி.பி-யில் (பி.பி.எம்-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு) காட்டும். அதை 3.066-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால்தான் பாஸ்பேட் பி.பி.எம். 65 என்று காட்டியதை ஐந்து மாதம் 0.065 என்றே நோட்டில் எழுதிவந்தேன், உண்மையில் அது 0.2. போதாக்குறைக்குக் குப்பியைத் துடைக்காமல் விரல் ரேகையோடு வைப்பேன், ஒரே தண்ணீர் ஒரு தடவை 40, அடுத்த தடவை 71. இப்போது ஒரே குப்பி, அடையாளம் போட்டு எப்போதும் ஒரே பக்கமாக, மைக்ரோஃபைபர் துணியில் துடைத்து வைக்கிறேன். சந்தேகமாக ஒரு எண் வந்தால் மறுபடி அளக்காமல் எந்த மருந்தையும் தொடுவதில்லை.

கீட்டோ_தோட்டம்:

நைட்ரேட்டை இறக்கும் பாக்டீரியாவுக்குத் தீனியாக வோட்கா ஊற்றியவர்கள் யாரும் இல்லையா? நான் ஊற்றினேன். தொட்டியில்தான், நம்புங்கள். நைட்ரேட் மெதுவாகத்தான் இறங்குகிறது என்று ஒரே நாளில் அளவை இரட்டிப்பாக்கினேன். மறுநாள் காலை தண்ணீர் கழுநீர் மாதிரி வெளுத்திருந்தது, மீன்கள் எல்லாம் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. பாக்டீரியா பெருகி ஆக்சிஜனைத் தின்றுவிட்டது. ஏர் ஸ்டோன் போட்டு, ஸ்கிம்மரை முழு வேகத்தில் விட்டு, மீன் தப்பியது. அப்புறம் ஒன்று, நைட்ரேட் ஜீரோவாகிப் பாஸ்பேட் மட்டும் மிச்சம் இருந்தால் வோட்கா எவ்வளவு ஊற்றினாலும் பாஸ்பேட் இறங்காது. பாக்டீரியாவுக்கு இரண்டும் வேண்டும்.

புதுக்குளம்:

அண்ணே, நான் ஆரம்பித்து ஆறு மாதம்தான். நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் ரெட்ஃபீல்ட் விகிதம் 16-க்கு 1 என்கிறார்களே, என்னிடம் நைட்ரேட் 10, பாஸ்பேட் 0.1. நூறுக்கு ஒன்றாக இருக்கிறது, பாஸ்பேட்டை ஏற்ற வேண்டுமா? காய்ந்த பாறையில் ஆரம்பித்த தொட்டி.

உப்புத்தண்ணி:

தம்பி, கையை வைக்காதே! அது ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் கடல் மிதவை உயிர்களில் பார்த்த விகிதம், அதுவும் அணுக்களின் எண்ணிக்கையில். நம் கிட் காட்டும் பி.பி.எம்-க்கு மாற்றினால் பத்துக்கு ஒன்று மாதிரி வரும். ஆனால் அதைத் தொட்டியில் கொண்டுவர நினைத்தால் நைட்ரேட் 10-க்குப் பாஸ்பேட் 1 ஆக்க வேண்டும், அந்த வேலையே வேண்டாம். உன் எண்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. நான் நைட்ரேட்டை 5-இலிருந்து 10-க்குள், பாஸ்பேட்டை 0.05-இலிருந்து 0.1-க்குள் பார்த்துக்கொள்கிறேன், விகிதத்தைக் கணக்குப் போடுவதே இல்லை.

காய்ந்த பாறை என்றாயே, அதில் ஒன்று. டைனோ சமயத்தில் நைட்ரேட் மூன்று நாளில் 5-க்கு வந்து நின்றுவிட்டது. பாஸ்பேட் நிற்கவே இல்லை. சாயங்காலம் 0.05 ஏறும்படி ஊற்றுவேன், காலையில் அளந்தால் 0.00. கிட் கெட்டுவிட்டதோ என்று புதுசு வாங்கினேன், அதுவும் 0.00. பிறகுதான் புரிந்தது, பாறை அரகோனைட் என்ற சுண்ணாம்பு வகை, பாஸ்பேட்டை அது தன் மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். நான் ஊற்றியதெல்லாம் பவளத்துக்குப் போகாமல் பாறைக்குப் போயிருக்கிறது. கிட்டத்தட்ட மூன்று வாரம் தினமும் ஊற்றிய பிறகுதான் ஒரு காலை 0.02 காட்டியது. உன் பாறை இன்னும் நிரம்பவில்லை என்றால் 0.1 தானாக இறங்கலாம், வாரம் இரண்டு தடவை பார். இதே பாறை நிரம்பினால் எதிர்ப்பக்கம் வேலை செய்யும், நீ ஜி.எஃப்.ஓ போட்டு இறக்கினால் அது வெளியே விட்டு மறுபடி ஏற்றும். நண்டுவீடு இப்போது கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிறார் இல்லையா, அவருக்கு நாளாகும், பாறையில் இரண்டு வருடச் சரக்கு இருக்கிறது.

இன்று காலை எனக்கு நைட்ரேட் 8, பாஸ்பேட் 0.07. மூன்று நாளுக்கு ஒரு தடவை கண்ணாடி சுரண்ட வேண்டியிருக்கிறது. மான்டிபோராவின் ஓரத்தில் புதுசாக ஒரு வெள்ளை விளிம்பு, வளர்கிற விளிம்பு. அதை ஃபோட்டோ எடுத்திருக்கிறேன், பழைய டெஸ்ட் கிட் படத்தை அழித்துவிட்டேன்.